மருதமரத்தடியில் ஓர் ஆள்

மரத்தின் உயரம் படத்தில் தெரியவேண்டுமென்றால் அதனடியில் ஓர் ஆளை நிறுத்தியாகவேண்டும் என்பது தவசிக்கனியின் கொள்கை. புயல் நெருங்கிய அந்தச் சாயங்காலத்திலும், குளத்தங்கரை மருதமரத்தடியில் மனைவியின் தம்பி லிங்கத்துரையை நிறுத்தியிருந்தான். கேமராவுக்குள் அவன் மெல்ல உயர்ந்தான், மெல்லத் தாழ்ந்தான்.

"ஆடாம நில்லுலே. சாமியா வந்திருக்கு ஒனக்கு?"

"நான் எங்க ஆடுதேன் அத்தான்? தரைல்லா தூக்குது!"

தவசிக்கனி கேமராவைத் தாழ்த்தினான். ஒவ்வொரு காற்றுக்கும் வேரோடு மண் விம்மித் தணிந்தது, தூங்குகிறவனின் வயிற்றைப்போல. ஓடிவா என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். அந்நேரம் பார்த்து மேகம் விலகி, மரம் முழுக்க மஞ்சள் வெளிச்சம் இறங்கியது. இத்தனை வருஷமாக அவன் காத்துக்கிடந்த வெளிச்சம்.

"அப்படியே நில்லு" என்றது வாய்.

"சரி அத்தான்" என்று லிங்கத்துரை அடிமரத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.