இடது மூலை

மேசையில் விரித்த புதுப் படத்தைக் கண்காட்சிக்காரர் உற்றுப் பார்த்தார்.

"மூலை வரைக்கும் வரைஞ்சிட்டீங்களே சார். இடது மூலையில வெள்ளையா விடுறதுதானே உங்க பாணி? அது மௌனம்னு பேட்டியில சொன்னீங்களே."

ஓவியருக்குச் சுருக்கென்றது. அந்தப் பேட்டியைப் படித்துவிட்டு, "மௌனமா? எனக்கு நல்ல பேர்தான் வச்சிருக்கீங்க" என்று மனைவி அன்று சிரித்திருந்தாள்.

"பாணியும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. மின்விசிறிக் காத்துல தாள் பறக்காம, முப்பது வருஷமா அவதான் அந்த மூலையை அழுத்திப் பிடிச்சிருந்தா. கை இருந்த இடத்துல வரைய முடியலை, அவ்வளவுதான். அவ இருந்தப்பவே நாலு பேர்கிட்ட இதைச் சொல்லியிருக்கணும்."

மின்விசிறிக் காற்றில் படம் படபடத்தது.

கண்காட்சிக்காரர் இடது மூலையில் மெல்லக் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.