ஒன்றரை மணிப் பள்ளம்

"நேத்தும் மத்தியானம் ஒன்றரைக்கு அப்பாவுக்கு சுகர் அம்பத்திரண்டுக்கு இறங்கிட்டு மேடம். பத்து நாளா இதே கூத்துதான்."

முத்துச்செல்வி தன் செல்போனை டாக்டர் ரேணுகாதேவியின் மேசையில் வைத்தாள். கோவில்பட்டியில் அது சின்ன கிளினிக். அவளுடைய அப்பா சங்கிலிப்பாண்டி நோயாளி நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது கையின் மேற்புறத்தில், பின்பக்கமாக, இரண்டு ரூபாய்க் காசு அளவில் ஒரு வெள்ளைச் சென்சார். அது நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்து, கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளின் செல்போனுக்கும் அனுப்பிவிடும். குறைந்தால் அலறும்.

அம்மா பெத்தம்மாள் கதவோரமாக நின்றாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குச் சங்கிலிப்பாண்டி போகவில்லை. "இனி அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்தை பேசினேன்னா நான் பெத்தம்மா இல்ல" என்று பந்தியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். பொல்லாத வைராக்கியக்காரி. அதன் பிறகு இருவரும் பேசி ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அவர் தோட்டத்து மோட்டார் ரூமிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார். சோறு மட்டும் தூக்குவாளியில் போகும்.

"சாப்பிட்டா சுகர் ஏறணும். இவருக்கு சாப்பிட்ட பிறகு இறங்குது. இதைப் பார்த்துப் பயந்துதான் போன வாரம் இன்சுலினைக் குறைச்சேன்" என்றார் டாக்டர். "இப்ப காலையில வெறும் வயித்துல முந்நூறு காட்டுது." கால் கட்டைப் பிரித்து விரல் புண்ணைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை முத்துச்செல்வி கவனித்துவிட்டாள்.

"போன் அலறுன உடனே அப்பாவுக்கு அடிச்சேன் மேடம். எடுக்கவே இல்ல. பக்கத்துத் தோட்டத்து மாயகிருஷ்ணன் அண்ணாச்சியை ஓடிப் பாக்கச் சொன்னேன். அவிய போறதுக்குள்ள அப்பா எந்திரிச்சு உக்காந்திருக்காரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஒருநாள் எந்திரிக்காமலே போயிட்டா?" அந்த வேகத்திலேயே அம்மா பக்கம் திரும்பினாள். "நீயும் அங்கனதான ஆடு மேய்க்குத? அவரை ஒரு எட்டு பாத்தா உன் வைராக்கியம் கெட்டுப்போயிருமோ?"

பெத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவள எதுக்குட்டி இழுக்க?" என்று முனகினார் சங்கிலிப்பாண்டி. "தூங்குத மனுசன் போனை எப்படி எடுப்பான்?"

"நீங்க பேசாதீங்கப்பா. இன்னைக்கே என்கூட கயத்தாறுக்கு வாரீங்க. தோட்டத்தையும் ஆட்டையும் அம்மா பாத்துக்கிடட்டும்."

"நான் எங்கயும் வரல."

டாக்டர் அவர் விரலில் ஊசி குத்திச் சோதித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. சென்சார் இருநூற்று எட்டு காட்டியது.

"சென்சார் பழுதில்ல. எனக்கும் இந்தப் புது மெஷின் மேல நம்பிக்கை உண்டும்மா. முன்னெல்லாம் மாசம் ஒரு டெஸ்ட் எடுத்து, நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியாம மருந்து எழுதுவோம். ஆனா இது காட்டுறதை எல்லாம் அப்படியே நம்பி மருந்தை மாத்தினா வம்புதான். நானே மாட்டிக்கிட்டேனோன்னு இருக்கு."

செல்போனில் இருந்த சர்க்கரை வரைபடத்தை அவர் பெரிதாக்கிப் பார்த்தார். கோடு தினமும் ஒன்றரை மணிக்குக் கிணறு வெட்டியதுபோல நேராக இறங்கி, முக்கால் மணி நேரம் அடியிலேயே கிடந்து, மறுபடி நேராக ஏறியிருந்தது.

"ஐயா, அந்த நேரத்துல சீனித் தண்ணி, மிட்டாய் எதுவும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படித் தானா ஏறுது? சென்சார் இருக்கிற இடம் அழுந்தினா இப்படித் தப்பா காட்டும். ரத்தத்துல சுகர் குறைஞ்சே இருக்காது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பீங்களா?"

"அப்பாவால முடியாது மேடம்" என்றாள் முத்துச்செல்வி. "இடுப்புல அடிபட்டதுல இருந்து மல்லாக்கத்தான் படுப்பாரு."

"அப்ப கை மேல ஏதாவது பாரம் ஏறுதா?"

சங்கிலிப்பாண்டி மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். "வேப்பமரத்தடியில ஒத்தையில படுத்திருக்கவனுக்கு என்னம்மா பாரம்? ஒண்ணுமில்ல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

"மறைக்காதீங்கய்யா. கை அழுந்துறதுதான் காரணம்னா இப்பவே இன்சுலினைக் கூட்டிருவேன். நிஜமாவே சுகர் குறையுதுன்னா, கூட்டினா உயிருக்கே ஆபத்து. எதுன்னு தெரியாம நான் கை வைக்க முடியாது. இப்படியே விட்டா இந்த விரலை எடுக்க வேண்டி வரும்."

முத்துச்செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதும் சங்கிலிப்பாண்டி வாயைத் திறக்கவில்லை. விரல் போனால் போகட்டும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

பெத்தம்மாள் கதவோரத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தாள். ஊரறிய நான்கு வருடமாகப் பேசாத புருஷனை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"நான் தலை வச்சுப் படுக்குத கையில இதை ஒட்டாதீயன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லியா?"