முள்ளெடுத்த மீன்

போலந்தில் ஒரு மலையூர். அந்த நாட்டில் வேலை செய்யும் பர்ஸானும் அவனைவிட மூத்த ஜவுபர் காக்காவும் கம்பனி பஸ்ஸில் சுற்றுலா வந்து, மரத்தால் கட்டிய பழைய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள். இருவருக்கும் ஊர் இலங்கையின் சாய்ந்தமருது. இறைச்சி ஹலாலோ தெரியாது என்று மீன் சொன்னார்கள். பூப்போட்ட பாவாடைக்காரி பெரிய மரத்தட்டில் சுட்ட ஆற்றுமீனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"நம்மட ஊருல சேர்ந்து தின்னுற சஹன் மாதிரியே இரிக்கி," என்றார் காக்கா. தனித் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, பிஸ்மி சொல்லி, ஊர்ப் பழக்கப்படி அவரவர் முன்னால் இருந்ததையே கையால் சாப்பிட்டார்கள்.

பர்ஸானுக்கு வாப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்கு வெளிநாடு புறப்பட்ட அன்று அவனோடு ஒரே சஹனில் சாப்பிட்ட வாப்பா, மீனை முள்ளெடுத்து அவன் பக்கம் தள்ளி, "இதையும் தின்னுட்டுப் போ மகன்," என்றார். வாசலில் வேன் ஹோன் அடித்தது. "வந்து தின்னுறன் வாப்பா," என்று எழும்பிவிட்டான். பிறகு வாப்பா இறந்தபோது ஜனாஸாவுக்கும் அவனால் போக முடியவில்லை.

"முள்ள நல்லா எடுத்திரிக்காய்," என்றார் காக்கா.

"நீங்க எடுத்தீங்கெண்டெல்லா நான் நினச்சன்."

இருவரும் மரத்தட்டைப் பார்த்தார்கள். ஆளில்லாத மூன்றாவது கதிரைக்கு முன்னால், தட்டின் விளிம்பில் முட்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்து மீன் முழுவதும் பர்ஸானின் பக்கம் தள்ளியிருந்தது.

வெளியே பஸ் ஹோன் அடித்தது. காக்கா அவசரமாக எழும்பினார்.

"நீங்க போங்க காக்கா," என்றான் பர்ஸான். "நான் தின்னுட்டு வாறன்."