பட்டர் ஏல், இந்த வாரம் மட்டும்

நாற்பத்தெட்டு மணி நேரம் மீதமிருந்தது. அதற்குள் திறந்துவிட்டார்கள்.

அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவனின் குவளையிலிருந்து வாசனை வந்தது.

வெண்ணெய்.

வரக்கூடாத வாசனை.

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பியர் புளிக்கும் ஐந்து எஃகுத் தொட்டிகள். மூன்றாவதன் அடியில் குழாய் மாட்டியிருந்தது.

நேற்று மாலை மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். ஈஸ்ட் முதலில் அந்த வாசனையை உண்டாக்கும், பிறகு தானே அதைத் தின்று தீர்க்கும், திங்கட்கிழமை வரை தொட வேண்டாம். அவள் குரல் மெதுவானது. ஆனால் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

இன்று சனிக்கிழமை. அவளுக்கு விடுப்பு.

சுவரில் கரும்பலகை. சாக்கட்டியில் புது வரி. பட்டர் ஏல், இந்த வாரம் மட்டும்.

ஆக, தெரியாமல் திறக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முழுக்க அவள் பொறுப்பில் விட்ட முதல் தொட்டி அது. குடகு ஆரஞ்சின் தோலை அவள் கையாலேயே சீவிப் போட்டிருந்தாள். அந்த ஆரஞ்சு எங்கே போனதென்றே தெரியவில்லை.

எதிரே இருந்தவன் பெயர் கிருபாகரன். ஜாதகம் பொருந்திவிட்டது. ஒருமுறை நேரில் பேசிக்கொள்ளட்டும் என்று இரண்டு வீட்டிலும் விட்டிருந்தார்கள். காபிக் கடை என்றுதான் ஏற்பாடு. அவள் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது கைபேசியில் வேறு இடம் வந்தது.

பெங்களூரில் இந்த பப்புக்கு ஒன்பது கிளைகள். அவன் அவளுடைய கிளையை எடுத்திருந்தான்.

ஆர்டர் எடுக்க வந்த ஜோயல் அவளைப் பார்த்ததும் சிரிக்கப்போனான். அவள் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம். புரிந்துகொண்டு, முன்பின் தெரியாதவனைப் போல, என்ன வேண்டும் மேடம் என்றான்.

"அவங்களுக்கு ஃப்ரெஷ் லைம்," என்றான் கிருபாகரன்.

அவளைக் கேட்கவில்லை.

இப்போது அந்த லைம் அவள் முன்னால் இருந்தது. அதில் ஒரு காகிதக் குடை.

எங்கும் கூட்டம். திரையில் கிரிக்கெட். ஒலிபெருக்கி அவள் தலைக்கு நேர் மேலே. மேசை பிசுபிசுத்தது. வேர்க்கடலை மசாலாவில் வெங்காயம் மதியமே நறுக்கியது. அவனுடைய குவளையில் நுரை அதற்குள் செத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவவில்லை. தினமும் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவளுக்கு, இந்தப் பக்கம் இவ்வளவு அழுக்கு என்று தெரிந்திருக்கவில்லை.

அடுத்த மேசையில் பட்டர் ஏல் இன்னொரு சுற்று வந்தது. கைதட்டினார்கள்.

ஒவ்வொரு தட்டும் அவள் கன்னத்தில் விழுந்தது.

கிருபாகரன் பியரை விளக்கிக்கொண்டிருந்தான். ஏல் வேறு, லாகர் வேறு. கசப்புக்கென்று ஒரு பூ இருக்கிறதாம். அவள் கேட்டுக்கொண்டாள். ஆண்கள் எப்போதாவது குடிப்பது வேறு, வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பக்கமே வேண்டாம், அந்த விஷயத்தில் தான் கொஞ்சம் பழைய ஆள் என்றான்.

அதைப் பெருமையாகச் சொன்னான். சொல்லிவிட்டு உதட்டு நுரையைத் துடைத்தான்.

அவள் தயிர்க் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அது அம்மாவின் ஏற்பாடு. தயிரோ பியரோ, இரண்டுக்கும் உறைதானே ஊற்றுகிறீர்கள் என்பது அம்மாவின் கட்சி. நுண்ணுயிரியல் படித்த அவளால் அதை மறுக்க முடியவில்லை. இன்று காலையும் அம்மா ஃபோனில் கூப்பிட்டாள்.

"கேட்டா தயிருன்னே சொல்லு கண்ணு. கல்யாணம் ஆனா எப்படியும் விட்டுடப்போறே."

எப்படியும். காலையிலிருந்து அவள் அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டிருந்தாள். அது கரையவே இல்லை.

தயிர் என்றால் நல்லதுதான், வீட்டில் கடைத் தயிர் வாங்க வேண்டியதில்லை என்று அவன் ஏற்கெனவே ஒருமுறை சிரித்திருந்தான். இப்போது குவளையை முகர்ந்தான். அவள் பக்கம் நீட்டினான்.

"மோந்து பாருங்க. அப்படியே உங்க கம்பெனி வாசனை. நீங்கதான் உறை ஊத்துனீங்களா?"

சொன்னவனே சிரித்தான்.

மேலாளர் மேசை மேசையாக விசாரித்துக்கொண்டு வந்தார். புது பியர் எப்படி சார். கிருபாகரன் கட்டைவிரலை உயர்த்தினான். இவ்வளவு நல்ல பியரைத் தான் இந்த ஊரில் குடித்ததில்லை என்றான். தயிர்க் கம்பெனி நகைச்சுவையை அவருக்கும் ஒருமுறை சொன்னான்.

அப்போதுதான் மேலாளர் அவளைப் பார்த்தார்.

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. பிறகு தலையை லேசாக அசைத்தார்.

வேண்டாம்.

ஜோயலிடம் அவள் காட்டிய அதே அசைவு.

அவள் லைமைத் தள்ளி வைத்தாள். கிருபாகரன் கையிலிருந்த குவளையை வாங்கினாள். ஒரு வாய் எடுத்து, நாக்கில் நிறுத்தி, விழுங்கினாள்.

அடியில், வெகு அடியில், ஆரஞ்சு இருந்தது.

"இன்னும் நாப்பத்தெட்டு மணி நேரம் விட்டிருக்கணும்," என்றாள்.

கிருபாகரன் காதை அருகே கொண்டுவந்தான். "என்னங்க?"

எல்லோரும் அவளிடம் இரண்டாவது முறை கேட்பார்கள். எப்போதும் அவள் ஒன்றுமில்லை என்றுவிடுவாள்.

இந்த முறை அடுத்த மேசை திரும்பிப் பார்த்தது.

"மூணாவது தொட்டி. நான்தான் உறை ஊத்துனேன்."