கம்பெனிக்குப் போன வெள்ளைச் சட்டை

ரூமுக்குள்ள ஒரே கொடியில வெள்ளைச் சட்டையும் சிவப்பு டீ-சர்ட்டும் தொங்குச்சாம். மதிவாணன் இன்ஜினியரிங் முடிச்சதும் இன்டர்வியூவுக்குன்னு எடுத்தது வெள்ளை. எங்க ஊரு கலியபெருமாள் மாமாவும் இப்படித்தான், பொண்ணு பாக்கப் போக ஒரு சட்டை தச்சு, கடைசிவரைக்கும் போடாமலே போயிட்டாரு. சரி, அவரு கத எதுக்கு.

"சாப்பாடு டெலிவரி பண்ற பயலே, தள்ளித் தொங்கு. நான் கம்பெனிக்குப் போற சட்டை"ன்னுச்சாம் வெள்ளை.

"எப்பண்ணே? வருஷக்கணக்கா இஸ்திரிதானே போடுறாரு?"ன்னுச்சாம் டீ-சர்ட்டு.

அன்னிக்கு அடைமழை. டீ-சர்ட்டு காயவே இல்ல. மதிவாணன் வெள்ளையை எடுத்து மாட்டுனான். பெரிய கண்ணாடிக் கட்டடம், லிஃப்டு, ஏழாவது மாடி, கம்பெனிக் கதவு. சட்டைக்குத் தலைகால் புரியல.

கதவு தொறந்துச்சு. "பிரியாணி யாருக்கு சார்?"ன்னான் மதிவாணன்.

திரும்பக் கொடிக்கு வந்த வெள்ளை, டீ-சர்ட்டைத் தள்ளித் தொங்கச் சொல்லவே இல்லையாம்.