சதுரப் படம்

“இன்னாம்மா செல்வி, படத்த இப்படி வெட்டி வெச்சிருக்க?”

காலையிலிருந்து இதே பாட்டு. போனில் சூர்யகலா அக்கா, மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் சங்கத்தின் தலைவி. சங்கத்து உப்பை ஆன்லைனில் விற்க ஒரு வெப்சைட் வேண்டுமாம். அதைச் செய்துகொடுக்கிறவள் அனுமந்தைப் பெண் சகாயசெல்வி. ஆரோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை.

எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி பிளாக் பக்கம் மட்டும்தான். சங்கத்துப் பெண்கள் சொன்ன கதைகளைக் கட்டுரையாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுரப் படம், கீழே தலைப்பு, அதற்கும் கீழே இரண்டு வரி என்று அடுக்கியிருந்தாள். தட்டினால் முழுக் கட்டுரையும் திறக்கும். பாத்தி கட்டின உப்பளம் மாதிரி கட்டம் கட்டமாக அத்தனை அழகு. செல்விக்குத் தன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

முதல் கட்டத்தில் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிற படம். வம்பே அதில்தான்.

“நான் வெட்டலக்கா. எந்தப் படத்தப் போட்டாலும் அதுவா சதுரமாக்கிக்கும். அப்பதான் எல்லாக் கட்டமும் ஒரே அளவா வரும்.”

“எனக்கு முழுசா வேணும்.”

“எதுக்குக்கா? உங்க முகம்தான் பளிச்சுனு தெரியுதே!”

“வேணும்னா வேணும். நாளைக்குத் திறப்பு விழா. பெரிய டி.வி.ல போட்டுக் காட்டப் போறாங்க. ஊரே பாக்கும்.”

போனை வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட் கௌதம் சிரித்தான். “போட்டோவுக்குன்னே புதுப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நின்னாங்களே! ஜரிகை முழுசா தெரியலையோ என்னவோ.”

செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைவி என்றால் சும்மாவா!

சரி, தொலையட்டும் என்று படத்தை முழுசாக நுழைத்துப் பார்த்தாள். கட்டத்தின் மேலேயும் கீழேயும் வெள்ளையாக இடம் காலி. நடுவில் ஒரு பட்டை. முகமெல்லாம் கல்லுப்பு சைஸ். அதையும் அனுப்பிவைத்தாள்.

உடனே போன்.

“இப்ப யாரு முகமும் தெரியலையேம்மா!”

செல்விக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

“அக்கா, முழுசா வேணும்னா முகம் சின்னதாத்தான் இருக்கும். முகம் பெருசா வேணும்னா ஓரம் போயிடும். நகத்தியும் பாத்துட்டேன். இந்தப் பக்கம் நகத்தினா அந்தப் பக்கம் ஒரு ஆளு போயிடறாங்க. ரெண்டு வரிசையா நின்னு வேற படம் எடுத்து அனுப்புங்களேன்.”

“எங்கம்மா நிக்கறது? வரப்பு அவ்ளோதான் அகலம். பின்னால காலு வெச்சா பாத்தி. உப்பு பூத்திருக்குது, மிதிக்கலாமா?”

“அப்ப விடுங்க. நடுவுல நிக்கறவங்களுக்கு எப்பவும் ஒண்ணும் ஆவாது. நீங்கதான் நடுவுல ஜம்முனு நிக்கறீங்களே, அப்புறம் இன்னா கவலை உங்களுக்கு?”

சூர்யகலா அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

“நடுவுல நின்னா ஒண்ணும் ஆவாதுங்கற?”

“ஆவாதுக்கா!”

“சரி. காலையில வேற படம் அனுப்பறேன். அதப் போடு.”

“பாரேன், இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டு வரப்போறாங்க” என்றான் கௌதம்.

விடிந்ததும் படம் வந்தது. அதே வரப்பு, அதே பெண்கள். ஏற்றினாள். தானாகவே சதுரமானது.

நடுவில் தலையில் துண்டு கட்டிய ஒரு ஒல்லிப் பெண், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சூர்யகலா அக்காவைத் தேடினால் ஆளையே காணோம். வலது ஓரத்தில் உப்பு வாருகிற பலகையின் நீளக் கழி, அதைப் பிடித்த ஒரு கை. அந்தக் கைக்குரிய ஆள் அறுபட்டுப் போயிருந்தாள்.

செல்வி பதறிப்போய் போன் போட்டாள். “அக்கா, மோசம் போயிட்டோம்! உங்களையே காணோம்!”

“அது கெடக்குது. நடுவுல அருக்காணி தெரியறாளா?”

“துண்டு கட்டினவங்களா? நல்லா தெரியறாங்க. யாருக்கா அவங்க?”

“எங்க சங்கத்துல பலகை புடிக்கறவ அவ ஒருத்திதான். அது ஆம்பள வேலைம்மா. புருஷன் போனப்புறம் அவளே கையில எடுத்தா. கழி நீளமில்லையா, இடிக்கும்னு வேலையிலயும் சரி, போட்டோவுலயும் சரி, பலகை புடிக்கறவங்க ஓரமாத்தான் நிக்கணும். நீ முதல்ல அனுப்பின படத்துல அவதான் அறுபட்டுப் போனா. அவ கொழுந்தனாரு அதப் பாத்துட்டு, ‘ஆம்பள வேலை செஞ்சு இன்னா கண்ட? உன் சங்கத்துக்காரங்களே உன்ன வெட்டிட்டாங்க பாரு’ன்னு சிரிச்சிருக்காரு. பலகையக் கொண்டாந்து என் எதிர்ல போட்டுட்டு, இனிமே வரமாட்டேன்னுட்டா.”

“இத நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா!”

“எப்படி? உங்கிட்டப் பேசறப்பல்லாம் எதிர்லயே உக்காந்திருந்தா. அவ காது கேக்க, ‘அருக்காணிய வெட்டிட்டியே’ன்னு கேக்கச் சொல்றியா? இன்னிக்குப் பலகைய நான் புடிச்சுக்கிட்டு அவள நடுவுல தள்ளினேன். படம் எடுத்ததுதான் தாமதம், எங்கிட்டருந்து பலகையப் புடுங்கிக்கிட்டு பாத்திக்குள்ள எறங்கிட்டா.”

செல்வி மறுபடியும் படத்தைப் பார்த்தாள். ஜரிகை என்று சிரித்ததை நினைக்க அவமானமாக இருந்தது. என்ன மனுஷி இவள்!

“இருந்தாலும் நீங்க தலைவியாச்சேக்கா. திறப்பு விழாவுல உங்க முகம் இல்லாம எப்படி?”

“ஓரத்துல பலகையப் புடிச்சிருக்கற கை தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“அது என் கைதான். நானுந்தான் படத்துல இருக்கேன், வை போன!”