தேதி முடிந்த பாக்கெட்

“மறுபடியும் அறுபத்திரண்டுல நின்னுடுச்சு, டாக்டர்” என்றாள் வரவேற்பாளர் யி-ஜென்.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. கிளினிக்கின் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். அறுபத்திரண்டு சதவீதம் வரை சமர்த்தாக ஏறும். பிறகு நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

டாக்டர் லியாவ் மாடிப்படியில் நின்றபடியே சத்தம் போட்டார். அவருக்கு மாடியில் வீடு, கீழே கிளினிக்.

“சனிக்கிழமை பெட்டியைத் திறந்து புது டிஸ்க்கும் ரேமும் போட்டது யாரு? நீதானே? தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிறே? மத்தியானத்துக்குள்ள இது ஓடலைன்னா நாளையிலேர்ந்து வீட்டுலயே இரு.”

கை வைக்கச் சொன்னதே அவர்தான். வெளியாளைக் கூப்பிட்டால் தண்டச் செலவு என்றவரும் அவர்தான். யி-ஜென் இன்ஸ்டாலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். இந்த வேலையை விட்டால் சியாயி ஊர் முழுக்க வேறு கிளினிக் தேடி அலைய வேண்டும்.

பெஞ்சில் பத்துப் பேர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். பதிவு செய்யாமல் யாரையும் உள்ளே அனுப்ப முடியாது. இரண்டு பேர் எழுந்து எதிர்த்த கிளினிக்குக்கே போய்விட்டார்கள்.

வேறு வழியில்லாமல் ரிப்பேர் பார்க்கும் ஜுவாங்கை வரவழைத்தார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

“என்னென்ன போட்டே?”

“புது டிஸ்க் ஒண்ணு, புது ரேம் ரெண்டு, அக்கா. ரெண்டும் ஒரே ஜோடி. அடையாளத்துக்கு ரெண்டுலயும் நகப்பூச்சால சிவப்புப் பொட்டு வெச்சேன். சனிக்கிழமை மூடினதுதான். நேத்து லீவு. இன்னைக்குக் காலையில வந்து இன்ஸ்டால் போட்டேன்.”

ஜுவாங் டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தாள். நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தாள். பிறகு மூடியைச் சாத்தினாள்.

சாத்திவிட்டு, பெட்டியின் மேல் இருந்த பச்சைப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாள்.

அந்த ஊரில் மிஷின் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் ஒரு பச்சைப் பாக்கெட் சோளப் பொரி இருக்கும். சமர்த்தாக ஓடு என்று மிஷினுக்குச் சொல்வதாம். மஞ்சள் பாக்கெட் ஆகாது. பிரித்துத் தின்றுவிடக் கூடாது. தேதி தாண்டவும் கூடாது.

“தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு” என்றாள் ஜுவாங், பெஞ்சுக்கும் கேட்கும்படி. “அப்புறம் எப்படி ஓடும்?”

விஷயம் தெரிந்தவள் என்று நம்பினால் இவளும் பொரியைப் பிடித்துக்கொண்டாளே என்று நினைத்தாள் யி-ஜென்.

டாக்டர் சிரித்தார். “கம்ப்யூட்டர் பொரி தின்னுதான் உயிர் வாழுதா? உனக்கு யாரும்மா சர்டிபிகேட் குடுத்தது?”

“சிரிக்காதீங்க, டாக்டர்” என்றார் பெஞ்சிலிருந்த பெரியவர். “எங்க அரிசி மில்லுல பாக்கெட்டை மாத்த மறந்து எடை மிஷின் நாலு நாள் படுத்துடுச்சு.”

ஜுவாங் பணிவாகவே சொன்னாள். “புதுசு வாங்கணும், டாக்டர். முதலாளி கையாலதான் வாங்கணும். அதோட, இந்தப் பெட்டிக்குச் சேர வேண்டியது ஏதாவது வீட்டுல தங்கியிருந்தா அதையும் கொண்டுவந்துடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் இதுக்குக் கோபம் வந்துடும்.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “செருப்பு மாத்திட்டு வரேன்” என்று மாடிக்குப் போனார். பிறகு முனைக்கடைக்குப் போய்வந்து, ஒரு பையை ஜுவாங்கிடம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“நீ போய் எல்லாருக்கும் வெந்நீர் குடு” என்று யி-ஜென்னை அனுப்பினாள் ஜுவாங். அவள் திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. மேலே புதுப் பாக்கெட் பளபளத்தது.

அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. யி-ஜென்னுக்குக் கண் நிறைந்துவிட்டது. நூறு வந்ததும் பாக்கெட்டைப் பார்த்துக் கையே கூப்பினாள்.

டாக்டர் வெளியே வந்தார். “எல்லாம் அந்தப் பழைய பாக்கெட் செஞ்ச வேலை. இந்தப் பொண்ணு மேல தப்பில்லை” என்று பொதுவாகச் சொன்னார்.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் பெரியவர்.

ஜுவாங் கிளம்பிய பிறகு, பழைய பாக்கெட்டைக் குப்பையில் போடப்போன யி-ஜென் தேதியைப் பார்த்தாள். வாசலுக்கு ஓடினாள்.

“அக்கா, தப்பாப் படிச்சிட்டீங்க. இதுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு.”

“தெரியும்.” ஜுவாங் சட்டைப் பையிலிருந்து தூசி படிந்த ஒரு ரேமை எடுத்துக் காட்டினாள். அதில் சிவப்புப் பொட்டு இல்லை. “நேத்து லீவுல, நீ போட்டதுல ஒண்ணை உருவிட்டு இதைச் செருகியிருக்காங்க. ஜோடி சேரலை. மாடியில டாக்டர் பையன் கேம் ஆடற மிஷினோட பழைய ரேம், முன்னாடி நானே மாட்டிக் குடுத்தது. உன்னோடது அந்தப் பையிலதான் திரும்பி வந்துச்சு. இதை நானே அவர்கிட்ட தனியாச் சேர்த்துடறேன். நீ பார்த்ததா இருக்க வேண்டாம்.”

யி-ஜென்னுக்கு முகம் சிவந்தது. “அவ்வளவு பேர் முன்னாடி என்னைத் திட்டினாரே. நீங்களும் அவங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அக்கா?”

“சொல்லியிருந்தா அவர் மானம் போயிருக்கும்” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள் ஜுவாங். “அதுக்கப்புறம் உன்னை எந்த மூஞ்சியோட நாளைக்கு வேலைக்கு வரச் சொல்வார்?”